தேயிலை மலையில் இறங்க மறுத்த பயணிகள்

1. ஏறும்போது

கடலூரிலிருந்து தேயிலை மலைக்கு நான் ஓட்டிப் போன முதல் டூர் பஸ், குன்னூர் ஏற்றத்தில் பாதி வழியிலேயே கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டரிலிருந்து கிளம்பிய ஆவி முன்கண்ணாடியை மறைத்தது. அறுபதுகளில் நடந்தது இது. அதுவரை நான் சிதம்பரம் ரூட்டில் ஓட்டியவன். கீரப்பாளையம் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான்.

முதலாளியும் பஸ்ஸில் இருந்தார். அருவி, தேயிலைத் தோட்டம், மலைக்கோயில் மூன்றும் ஒரே டூரில் என்று நோட்டீஸ் அடித்தவர். அவரும் அந்த மலையைப் பார்த்ததில்லை. ஆனாலும் கைடு வேலையை வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை.

"மொதலாளி, இஞ்சின் கொதிக்குது. ஆறுனாத்தான் எடுக்க முடியும்" என்றேன்.

ஓட்டை பஸ் என்று தெரிந்தால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"யாரும் பயப்படாதீங்க. இங்க ஒரு சித்தர் தவம் பண்றாரு. அவரு மூச்சு வுட்டா இப்பிடித்தான் பொகை வரும். எந்த வண்டியும் நின்னுதான் போவும்."

பஸ் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இஞ்சின் ஆறியதும் கிளீனர் காதர் பாய் ஓடைத் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றினார். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசமாட்டார். கீழே சிவப்பாக ஒழுகியதைப் பண்ருட்டி பலாமண்டிக்காரரின் மனைவி செம்பில் பிடித்தார்.

"அது துருத் தண்ணிம்மா" என்றார் காதர் பாய்.

"நீங்க ஊத்துங்க பாய்" என்றார் அந்த அம்மா, தலையில் தெளித்துக்கொண்டே.

மேலே அருவியில் குளித்தார்கள், கோயிலில் கும்பிட்டார்கள். தோட்டத்து டீயைக் குடித்துவிட்டு, நம்மூர் கடை டீ மாதிரி இல்லை என்று குறை சொன்னார்கள். சித்தரைப் பற்றி மட்டும் யாருக்கும் குறையில்லை.

2. இறங்கும்போது

முதலாளி அவசரப்படுத்தினார். சமவெளிப் பழக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினேன். ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் அடிவரை போய்விட்டது. முதல் கியரைப் போட்டு, மலைப்பக்கம் உரசி நிறுத்தினேன். காதர் பாய் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். மறுபக்கம் பள்ளம்.

"பிரேக் புடிக்கல. எல்லாரும் எறங்குங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. மண்டிக்காரர் மனைவி மூக்கை உறிஞ்சினார். "சாம்பிராணி வாசனை வருதே. இங்கயும் சித்தரா?"

"அது பிரேக் கருகுற வாசனைம்மா."

"கோயிலுக்குப் போய்ட்டு வர்றப்ப அபசகுனமா பேசாதப்பா" என்றது பின்சீட்.

முதலாளியைப் பார்த்தேன். எழுந்து, "நெசமாவே பிரேக்குல கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "நீங்களுமா தமாஷ் பண்றீங்க?" என்று சிரித்தார்கள். அடியில் கட்டை நகரும் சத்தம் கேட்டது.

காதர் பாய் வாசலில் தலையை நீட்டினார். நிதானமாகச் சொன்னார்: "சித்தரு இந்த வளைவ நடந்துதான் எறங்குனாராம். நடந்து வர்றவங்களுக்குத்தான் பலனாம்."

"பாயே சொல்றாரு" என்று ஒரு குரல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸே காலியானது. கடைசியாக நான் இறங்கியதும் கட்டை பிதுங்கியது. பஸ் தானாக நகர்ந்து, நல்ல வேளையாக மலையோரக் காவாயில் மூக்கைக் குத்தி நின்றது. முதலாளி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாடிக்கொண்டே நடந்தார்கள்.

"எப்பிடி பாய் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அஸ்தஃபிருல்லா சொல்லிட்டுத்தான் சொன்னேன் மச்சான்" என்றார். பொய்க்கு முன்கூட்டியே அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாராம்.

முதலாளி திருந்துவார் என்று நினைத்தேன். அடுத்த நோட்டீஸில், "சித்தர் வளைவில் பாதயாத்திரை உண்டு" என்று ஒரு வரி கூடியிருந்தது. டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

இளம் டிரைவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலையில் எந்த கியரில் ஏறினீர்களோ, அதிலேயே இறங்குங்கள். இது எனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லி ஒரு பஸ்ஸைக் காலி செய்வது எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.