ஈரச்சாக்கும் கிட்டாரும்

என் மகளுக்குப் பதினாறு வயது. பேச்சு வராது. வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறிக் கொட்டகை. பகல் முழுக்கத் தறி ஓடும். அந்தச் சத்தம் எங்களுக்குச் சோறு, அவளுக்கு நரகம். காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவாள். பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில் அவளை அமைதிப்படுத்தியது ஒரு பழைய கிட்டார், கொழுந்தன் மகன் வெளியூர் வேலைக்குப் போகும்போது எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனது. அதை மடியில் போட்டு, மரத்தோடு கன்னத்தை அழுத்திக்கொண்டு, தடித்த கம்பியை மட்டும் கட்டைவிரலால் சுண்டுவாள். டொம். அதிர்வு அடங்கும்வரை அசைய மாட்டாள். மறுபடி டொம். பக்கத்தில் தறி ஓடுவதே அவளுக்குத் தெரியாது. நான் அப்பாடா என்று சோறாக்கப் போவேன்.

ஒரு கிட்டாரைக் காப்பாற்றுவது பச்சைப்பிள்ளையைக் காப்பாற்றுவது மாதிரி என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கத்து வெயில் சும்மா வெயிலா? மாசி கடந்தால் தகரக் கூரை தீயாய்க் காயும்; கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், சுருதி ஏறும். பாட்டென்றால் காத தூரம் ஓடுகிறவள் நான், கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு மயிரிழை பிசகினாலும் மகள் கிட்டாரைத் தள்ளிவிட்டுச் சுவரைத் தேடிப் போய்விடுவாள். ஜன்னலோரம் வைக்க மாட்டேன், அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். அவள் தூங்கியதும் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பேன்.

போன பங்குனியில் வந்தது வினை. காற்றில் பொட்டு ஈரமில்லை. செயலி சுருதி சரி என்கிறது, ஆனால் கம்பியைச் சுண்டினால் கூடவே ஒரு ‘கொர்ர்’. மரம் காய்ந்து உள்வாங்கியதில் கம்பி கீழே உரசுகிறது. அதற்குச் செயலி என்ன செய்யும்? மகள் அன்று முட்டிய முட்டில் நெற்றி கிழிந்தது.

வீட்டுக்காரர் கிட்டாரைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான். வறண்ட காற்றில் தறியில் பூட்டிய பாவு நூல் பட்பட்டென்று அறும். அதற்காகக் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்குகளைத் தொங்கவிடுவோம்.

“பாவு காஞ்ச மாதரயே காஞ்சு கெடக்குது புள்ள. ஈரங் காட்டுனா செரியாப் போயிரும்” என்றார்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஈரச்சாக்கை வைத்தார். வேடிக்கை என்னவென்றால், சரியாகிவிட்டது. நாலைந்து நாளில் அந்தக் கொர்ர் போய்விட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அதோடு விட்டாரா மனுஷன்? சித்திரையில் வெயில் ஏற ஏற இவருக்கு அக்கறையும் ஏறியது. எனக்குத் தெரியாமல் சாக்கை நனைத்துப் பெட்டிக்குள்ளேயே கிட்டாருக்கடியில் விரித்து மூடிவிட்டார். கோடை மழை வேறு பிடித்துக்கொண்டது. காலையில் திறந்தால் மரம் ஊறி, முகப்பு வயிறு உப்பினாற்போல் எழும்பியிருந்தது. நான் யோசிப்பதற்குள் மகள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அன்று மதியம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், அவள் மடியில் இருக்கும்போதே கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை படாரென்று பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அவள் போட்ட கூச்சலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் ஓடிப்போய் எல்லாத் தறிகளையும் நிறுத்தினார். தறி நின்றது, இவள் நிற்கவில்லை. நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பிய்ந்த கட்டையைப் பொறுக்கி, பழைய இடத்தில் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சேலத்தில் கிட்டார் பழுது பார்க்கிறவர் உள்ளே கையை விட்டு ஒரு சணல் பிசிறை எடுத்துக் காட்டினார். தண்ணீரில் முக்கி எடுத்தீர்களா என்று கேட்டார். மரம் நிழலில் மெதுவாக உலர வேண்டும், பிறகு பசை இறுக வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றார். நான் கைப்பேசியில் மகளின் நெற்றிக் காயத்தைக் காட்டி, இன்றே வேண்டுமென்று கெஞ்சினேன்.

“இன்னைக்கே ஒட்டிக் குடுத்தா நாளைக்கே பிச்சுக்கும்க்கா. பெறவு மரமே ஒடஞ்சிரும்.”

மாற்றுக்கு வேறொரு கிட்டார் கொடுத்தனுப்பினார். மகள் ஒருமுறை சுண்டிப் பார்த்து, காலால் எட்டி உதைத்துவிட்டாள்.

அதன்பிறகு நாங்கள் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். சுவருக்கெல்லாம் மெத்தையும் தலையணையும் கட்டினோம். ஒருநாள் முடியாமல் அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முகம் என் நெஞ்சில். “போதும் சாமி, போதும் சாமி” என்று சொல்லிச் சொல்லி வார்த்தை தீர்ந்து, வெறும் ‘ம்ம்ம்’ என்ற முனகல்தான் மிச்சம். அவள் சட்டென்று அடங்கினாள். என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். மூச்சு தீர்ந்து நான் நிறுத்தியதும் என் தாடையைத் தட்டினாள். மறுபடி முனகினேன். சுருதி தப்பினால் முகத்தைப் பிடித்துத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் எதுவென்று என் தொண்டைக்குத் தெரிந்துவிட்டது.

கிட்டார் வந்தது. கொர்ர் இல்லை, உப்பல் இல்லை, நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். அவள் அதைத் தொடவேயில்லை. நேராக என்னிடம் வந்து நெஞ்சில் கன்னத்தை அழுத்தினாள்.

“நல்லதாப் போச்சு புள்ள. இனி அந்தக் கட்டையக் காவல் காக்குற வேலயில்ல” என்றார் வீட்டுக்காரர். ஆண்களுக்கு எல்லாம் சுளுவு.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இப்போது நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை, ஈரத்தலையோடு நிற்பதில்லை, மழைக்காலத்தில் மோர் தொடுவதில்லை. ஐப்பசியில் சளி பிடித்துக் குரல் கட்டியபோது மறுபடியும் அவள் சுவரைத் தேடிப் போனாள். மரம் பிய்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடச் சேலத்தில் ஒருவர் இருந்தார். நான் போய்விட்டால் இவள் யார் தாடையைத் தட்டுவாள்? அவள் என் மேல் சாய்ந்திருக்கும்போதுதான் இந்த நினைப்பு வந்து தொண்டையை அடைக்கிறது. அடைத்தால் சுருதி போய்விடும். அதனால் எனக்கு அழவும் வழியில்லை.