பிள்ளைக்காம்பராவில் அம்மா

அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டு, அம்மா தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்விட்டாள். தேடிப் பிடித்துக் கேட்டதற்கு, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்தப் பெரட்டுக்குப் போவதையும் தேயிலைக் கொழுந்து எடுப்பதையும் அவள் விட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. இனி அவளை லயத்து வீட்டில் தனியாக விட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போன பிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மறுநாளிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

லயத்தில் என்னை மகள் என்று தெரிந்தவளுக்கு, பிள்ளைக்காம்பராவில் கால் வைத்ததும் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன். மூலையில் கிடந்த பலகையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூளி ஆட்டினால் பார்ப்பாள், பால் கலக்கினால் எழுந்து பக்கத்தில் வருவாள்.

"அம்மா, நான்தாம்மா. ஒம் மக."

"எனக்கு எல்லாம் தெரியும். நீ ஓ வேலயப் பாரு."

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம், குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வந்த பெண்களிடம் அவள் சொன்னாள்: "இவ பாலுல தண்ணி ஊத்துறா. நான் கண்ணால பாத்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடான காலம் அது. டிஸ்பென்சரியிலிருந்து வரும் பால்மா டின்னைக் குறைத்துவிட்டார்கள். குழந்தைகள் குறையவில்லை. தண்ணீரைக் கூட்டி ஊற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். வெளியில் சொன்னால் நான்தான் எடுத்துக்கொள்கிறேன் என்பார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் மறதி மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. பெண்கள் வரும் நேரம் பார்த்துத்தானே பேசுகிறாள்? சாயங்காலம் ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "இன்னைக்கி அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"யாருகிட்ட? காலையில இருந்து நான் இங்கதான இருக்கேன்?" என்று ரொட்டியைப் பிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அது மறதியா, நடிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கொஞ்ச நாளில் பெண்களின் போக்கு மாறியது. சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமாக வந்து வாசலில் நிற்பார்கள். சின்ன வயசுக்காரி ஒருத்தி, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி அதன் வாயை மோந்து பார்த்தாள்.

"என்னா பாக்குற?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "கசகசா வாசம் வருதான்னு பாத்தேன்க்கா. நீங்க அரைச்சுக் குடுத்துத் தூங்க வைக்கிறீங்கன்னு ஒங்கம்மாதான் சொன்னாங்க."

அதை நான் கையால் தொட்டதுகூட இல்லை. அவர்கள் போனதும் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "எப்ப நான் கசகசா குடுத்தேன்? யாரு புள்ளைக்குக் குடுத்தேன்? சொல்லு!"

அவள் கலங்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கிக் குடுத்தியே. காலையில தூளியில போட்டுட்டு மலைக்குப் போனேன். பகலைக்கி வந்து எழுப்புறேன், முழிக்கல. மாருல பால் கட்டிக்கிட்டு நின்னேன். கங்காணி சத்தம் போட்டான். அப்படியே திரும்ப மலைக்குப் போனேன். சாயங்காலமும் அது முழிக்கல."

என் கை தானாக விலகியது. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு மாறாக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கோ யாருக்கோ நடந்ததை இழுத்துச் சொல்கிறாளோ என்றும் தோன்றியது. ஆனால் சொல்லும்போது இரண்டு கையையும் மார்பில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் டின்னைப் பெண்களுக்கு நடுவில் வைத்தேன். "தண்ணி கூடுதலாத்தான் ஊத்துறேன். டின்ன கொறைச்சிட்டாங்க. கசகசா நான் தொட்டதே இல்ல."

பிள்ளையின் வாயை மோந்து பார்த்தவளே சொன்னாள்: "மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

அவளும் இன்னொருத்தியும் என்னோடு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். அங்கிருந்த ஐயா, மிச்சத்தை நான் வீட்டுக்குக் கொண்டு போகிறேனா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அந்தப் பெண்கள்தான் பதில் சொன்னார்கள். கடைசியில் ஒரு டின் கூடுதலாகக் கொடுத்தார். சில மாதங்கள் வந்தது, அப்புறம் நின்றுபோனது. தண்ணீர் ஊற்றினால் ஊற்றினேன் என்று பெண்களிடம் சொல்லிவிடுவேன்.

அம்மா மட்டும் என்னை நம்பவே இல்லை. அதனால் பாலை அவள் கண் முன்னாலேயே கலக்கினேன். ஒவ்வொரு தரமும் தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடச் சொல்லி நக்கிப் பார்ப்பாள். பிறகுதான் குழந்தைகளுக்கு.

அதன் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தாள். அவள் போவதற்குள் ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா, அந்தப் புள்ள ஆணா, பொண்ணா?"

"அது ஒனக்கு எதுக்கு?" என்றாள். தட்டுத்தடுமாறி எழுந்து போய், தூளிகளுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.