மூடி போட்ட தொலைநோக்கி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடே இன்னும் நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் ஆராய்ச்சி பல்சர். செத்துப்போன பிறகும் வேகமாகச் சுழலும் நட்சத்திரம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு வரும். அதை ரேடியோ, எக்ஸ்ரே, சாதாரண ஒளி என்று மூன்றிலும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் எனக்குப் பட்டம். இரண்டு வருடமாக வயிற்றெரிச்சல்தான் மிச்சம். ரேடியோ கிடைக்கும் அன்று எக்ஸ்ரே செயற்கைக்கோள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் கிடைத்தால் மலையில் மேகம். இந்தத் தடவையும் சொதப்பினால் மூட்டையைக் கட்டு என்று கைடு சொல்லிவிட்டார்.

கடைசி வாய்ப்பு ஒரு வியாழக்கிழமை. இருட்டியதும் நாற்பது நிமிடம்தான். பிறகு நட்சத்திரம் மறைந்துவிடும். நான் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில். மலையில் ஒளித் தொலைநோக்கியோடு அக்கா. கூடப்பிறந்தவள் இல்லை, ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள். முந்தின நாளே தனியாக மேலே போனவள், அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மணி ஏழு. வானிலைப் படத்தில் மலை முழுக்க மழை மேகம். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

7:12. நிலையத்துப் போன் அடித்தது.

"வருதுடி, பாரு."

அக்காதான். திரையில் அவள் தரவு வந்துகொண்டிருந்தது. துடிப்பு... துடிப்பு... அத்தனை சுத்தமாக. மேகம் விலகிவிட்டதா என்று கேட்டேன். போனில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

சொட்... சொட்...

இவ்வளவு சுத்தமாக வந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். கணினியே துடிப்பைக் கிளப்பிவிட்டு ஏமாற்றுவதுண்டு. அதற்கொரு சோதனை: தொலைநோக்கியின் வாயை மூடுவோம். துடிப்பு நின்றால் அது நட்சத்திரம். நிற்காவிட்டால் குப்பை.

மூடியைப் போடச் சொன்னேன். காத்திருந்தேன்.

துடிப்பு நிற்கவில்லை.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "மூடியாச்சா இல்லையா?"

சொட்... சொட்...

"மூடிதான்டி இருக்கு."

"எப்போ போட்ட?"

"நேத்தே."

லைன் அறுந்தது.

துடிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது... நட்சத்திரம் மறையும்வரை.

மறுநாள் காலை மலையிலிருந்து காவலாளி பேசினார். தொலைநோக்கிக் கூடத்தின் கூரை திறக்கப்படவே இல்லையாம். தொலைநோக்கியில் மூடி இறுக்கமாகப் போட்டிருந்ததாம். கீழே, ஏணியடியில், அக்கா. மூடியைப் போட்டுவிட்டு இறங்கும்போது விழுந்திருக்கிறாள். பக்கத்தில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. உயிர் போனது புதன்கிழமை இரவு என்றார் மருத்துவர்.

அழுதேன். அந்தத் தரவைக் குப்பை என்று குறித்து ஒதுக்கினேன்.

ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரே தரவு வந்தது. அதில் ஒரே ஒரு துடிப்பு மட்டும் மற்றதைவிடப் பத்து மடங்கு எகிறியிருந்தது. என் ரேடியோ தரவில் அது இல்லை. அக்காவின் தரவைத் திறந்தேன்.

அதே கணம். அதே துடிப்பு. பத்து மடங்கு. கணினி கிளப்பும் குப்பையில் இது வர வழியே இல்லை.

அந்தத் துடிப்பின் வரைபடத்தை ஆய்வேட்டில் போடு, பட்டம் உறுதி என்கிறார் கைடு. மூடி திறந்துதான் இருந்திருக்கும், காவலாளிக்கு என்ன தெரியும் என்கிறார். வரைபடத்துக்குக் கீழே, பார்த்தவர் யார் என்று எழுதவேண்டிய இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் தேதி கேட்கிறது.

வியாழக்கிழமைத் தேதியை எழுத எனக்குக் கை வரவில்லை.