கீத பவனியில் இரண்டு காபி

குடி, போதை இவற்றின் கேடு பற்றி வாலிபர் கூட்டத்தில் பேசுங்கள் என்று என்னை அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். கேடு பற்றி எனக்குப் பெரிதாகப் பேசத் தெரியாது. என்னை ஒருவன் காப்பாற்றிய கதை மட்டும் தெரியும். அதைத்தான் சொல்வேன்.

சுதந்திரம் வந்த புதிதில், மைசூரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் ஒரு பையன் பெரியவனாகிவிட்டானா என்று தீர்மானிப்பது பாடகர் குழுதான். குரல் உடைந்து கட்டைக் குரல் வந்ததும் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். டிசம்பரில் கீத பவனிக்கு வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவோம். பாட்டு முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் காபி வரும். பின்வரிசைக்குக் குட்டிக் கிளாசில் ஒயின் வரும். கறுப்புத் திராட்சையைச் சர்க்கரையோடு பீங்கான் ஜாடியில் ஊறவைத்து வீட்டிலேயே வடித்தது. அதைக் குடி என்று யாரும் நினைத்ததில்லை. மதுவிலக்கு பற்றிப் பேசியே எங்களை வறுத்தெடுத்த போதகர் வீட்டிலும் ஒரு ஜாடி இருந்தது. கேட்டால், பண்டிகை பானம் என்பார்.

பதினேழாவது வயதில் எனக்குப் பின்வரிசை கிடைத்தது. அப்படியே அப்பா குரல் என்று அம்மாவிடம் எல்லோரும் சொன்னார்கள். அம்மாவின் முகத்தில் பெருமையும் தெரிந்தது, பயமும் தெரிந்தது. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சபையிலேயே நல்ல கட்டைக் குரல் அவருடையது. குடித்துக் குடித்தே இளம் வயதில் போய்ச் சேர்ந்தார். நீ தொடமாட்டாய்தானே என்று அம்மா ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சத்தியம் செய்து தொலைத்திருப்பேன். கேட்காததுதான் என்னை அரித்தது.

அந்த வருஷம் முதல் வீட்டில் கிளாசை நீட்டியபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. பண்டிகைக்குத் தருவதை வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்கள் மனம் கோணும். பின்வரிசை முழுக்க வேறு என்னையே பார்த்தது. குடித்தேன். பிடிக்காமல் போயிருந்தால் தொல்லை அதோடு தீர்ந்திருக்கும். பிடித்துவிட்டது. அந்தக் குளிரில் தொண்டையிலிருந்து வயிறுவரை இதமாக இறங்கியது. இரண்டாவது வீட்டில், பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்தேன். மூன்றாவது வீட்டில், பாடிக்கொண்டே கிளாஸ் வரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கிறேன் என்று உறைத்ததும் பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டேன். அப்பாவிடமிருந்து குரல் மட்டும்தான் வந்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தெருவில் இறங்கியதும் பக்கத்தில் வந்த நண்பனிடம் சொல்லிவிட்டேன். என் வயதுதான் அவனுக்கும். அவனும் அந்த வருஷம்தான் பின்வரிசைக்கு வந்திருந்தான். இது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது, பயமாக இருக்கிறது என்று உளறினேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற பயல், அன்றைக்குச் செய்யவில்லை. மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அடுத்தது, ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்த ஒரு அம்மாளின் வீடு. டாக்டர்களே அவரிடம் அடக்கி வாசிப்பார்கள். பாடி முடித்ததும் அவரே தட்டோடு எங்களிடம் வந்தார். என் கை தானாக எழுந்தது. அவன் முந்திக்கொண்டான்.

"பேடம்மா. எங்க ரெண்டு பேருக்கும் வேணாம். காபி இருந்தா குடுங்க."

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் கன்னடத்திலும் தமிழிலும் மறுத்துவிட்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகள் என்று இன்னொருவர் முணுமுணுத்தார். எனக்குக் காது சூடேறியது. நர்சம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே திரும்பி, இரண்டு காபி, பெரிய டம்ளரில் என்று குரல் கொடுத்தார். காரணம் கேட்காத அந்த மனுஷியை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அதன்பின் எல்லா வீட்டிலும் அவன்தான் சொன்னான். எங்க ரெண்டு பேருக்கும் என்றே சொன்னான். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் நானே சொல்லப் பழகிவிட்டேன். புதிதாகப் பின்வரிசைக்கு வந்த ஒரு பையன், எங்களைப் பார்த்துத் தானும் காபி கேட்டான். நானும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பள நாளன்று சாராயக் கடைக்குக் கூப்பிடாதவர்கள் இல்லை. வேண்டாம் என்று சொல்வது அதற்குள் எனக்குச் சுலபமாகியிருந்தது. அம்மா பயமில்லாமல் தூங்கினாள்.

அந்த நண்பனுக்குக் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அச்சு முறுக்கும் இரண்டு காபியும் கொண்டுவந்து வைத்தாள். உன் புருஷனுக்கு ஒயின் பிடிக்காது, தெரியுமல்லவா என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"யார் சொன்னாங்கண்ணா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கம்மா போட்டதை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. நீங்க வர்றீங்கன்னாதான் ஜாடியை ஒளிச்சு வைக்கச் சொல்லுவாரு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் முறுக்கை உடைப்பதில் மும்முரமாக இருந்தான். அத்தனை வருஷமும், அத்தனை வீட்டிலும், தனக்குப் பிடித்த ஒன்றை எனக்காக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். ஒரு வார்த்தைகூட என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் நிமிராமலே, "காபி ஆறுதுடா" என்றான்.