கடற்காகத்துக்காக ஒரு சாவு லீவு

சுமலதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. நெல்லியாளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ராமநாதபுரத்துக் கரையில் நிற்கிற பறவை எது என்று அந்த ஊர்க்காரர்களே அவளிடம்தான் கேட்கிறார்கள். நான் கதை விடவில்லை.

ஜாபேஸ் சார் பந்தலூரில் வாத்தியாராக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு பறவைக் குழு தொடங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சிலரையும் சேர்த்துவிட்டார். பிறகு மாற்றலாகிக் கடலோரம் போனவர் அங்கிருந்து படம் படமாக அனுப்பினார். மற்றவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட, சுமலதா மட்டும் படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தாள். கொழுந்துக்காரி கண் அது. செடி முழுக்கப் பச்சைதான், நிறத்தை நம்பினால் ஏமாந்து போவாள். தளிரா, வளராமல் நின்றுபோனதா என்று முனையைப் பார்த்துத்தான் கை போகும்.

அதே பழக்கம் பறவைக்கும் உதவியது. பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என்று இரண்டு உண்டு. பெயரை நம்பித் தலையைப் பார்த்தால் போச்சு. குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும்போது இரண்டுக்கும் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். பெயர் வைத்த மகராசன்கள் குளிருக்குப் பயந்து வெளியே வரவில்லை போலிருக்கிறது! சுமலதா இறக்கை நுனியைப் பார்ப்பாள். நுனி கறுத்து அதில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பழுப்புத்தலை. இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை ஓடினால் கருந்தலை. மணல் உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையிலும் பெரியது, சின்னது என்று இரண்டு இனம். இது எது என்று குழுவே அடித்துக்கொள்ளும்போது, அலகின் நீளத்தை முகத்தோடு ஒப்பிட்டு ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஒன்றுதான் பிடிபடவில்லை. போனில் எல்லாப் பறவையும் உள்ளங்கை அளவுதான். எது குருவியளவு, எது கோழியளவு என்று புத்தியில் ஏறவே இல்லை. ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது. தை மாதம் கடலோரத்தில் நடக்கும் மூன்று நாள் பறவைக் கணக்கெடுப்புக்கு ஜாபேஸ் சார் கூப்பிட்டதும் அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் லீவு? சூப்பர்வைசர் பாண்டியன் கையை விரித்தார்.

"பாதி ஆளு திருப்பூருக்குப் போயிட்டாங்க. இதுல குருவி பாக்க லீவா? கெட்டது கிட்டது நடந்தாப் பாக்கலாமுங்க."

சொல்லாமல் மூன்று நாள் நின்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். வீட்டில் அவளும் அப்பா பொன்னுத்துரையும்தான், தோட்டத்தில் பெயர் இருப்பது அவளுக்கு மட்டும். எழுபது வயது மனிதரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்?

வழி சொன்னவர் அப்பாதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சிலோனிலிருந்து அவர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அத்தை வீட்டோடு அங்கேயே தங்கிவிட்ட தம்பி ஒருவர் உண்டு.

"செல்லத்துர செத்துட்டான்னு சொல்லு புள்ள. கடுதாசி நின்னே முப்பது வருசமாச்சு. அவனா வந்து சண்ட போடப் போறான்?" என்று சிரித்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் சுமலதா சொன்னாள். சாவு என்றால் அங்கே மறுகேள்வி கிடையாது. ஐந்து நாள் லீவு கிடைத்தது. வீட்டுக்கு ஓடிப் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா சோற்றுப் பானையோடு நிற்கிறாள், பின்னால் பத்துப் பெண்கள்.

"எங்கடி கெளம்பிட்ட? அஞ்சாம் நாளு காரியம் முடியிற மட்டும் தீட்டு வீட்டுக்காரி எல்லை தாண்டலாமா?"

மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லயத்து வழக்கம் தெரியாதவளா அவள்? துக்க வீட்டில் அடுப்பு எரியாது, முறை வைத்து ஒவ்வொரு வீட்டுச் சோறு வரும், ராத்திரி பகல் யாராவது கூடவே உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை வீட்டுக்கு அவளே சோறு கொண்டுபோயிருக்கிறாள்! லீவு என்ற ஒன்றையே நினைத்தவளுக்கு இது தோன்றவில்லை. பாண்டியன்கூட வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்துவிட்டுப் போனார். பை கட்டிலுக்கு அடியில் போனது.

இரண்டாம் நாள் கடலோரத்திலிருந்து படங்கள் வரத் தொடங்கின. முந்தானைக்குள் போனை மறைத்துக்கொண்டு, ஒப்பாரிக்கு நடுவே, 'இறக்கை நுனியில் புள்ளி இருக்கு, பழுப்புத்தலை' என்று தட்டினாள். இங்கே உட்கார்ந்து இதைச் சொல்லவா இத்தனை பொய் என்று ஆத்திரமாக வந்தது.

"விடியக்காலம் மொத பஸ்ஸப் புடிச்சுப் போயிரு. நான் சமாளிச்சுக்கறேன்" என்று அப்பா காதில் சொன்னார். ஒரு நாளாவது பார்த்துவிடலாம்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மா சாதாரணமாகக் கேட்டாள். "உங்க தம்பி பாக்க எப்டிண்ணே இருப்பாரு?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். "நெட்டையா இருப்பான். தலைமன்னார் வரைக்கும் என் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். கப்பல் நகந்ததும் கரையோரமாவே ஓடியாந்தான்..." பாதியில் நிறுத்திவிட்டு, "உசுரோட இருந்தா ஒருக்காவாச்சும் தேடியிருப்பானே புள்ள" என்று சுமலதாவைப் பார்த்துக் கேட்டார். பிறகு வாய்விட்டு அழுதார். அவர் அப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை.

விடியற்காலையில் பெண்கள் அசந்து தூங்கினார்கள். கதவு திறந்திருந்தது, சுமலதா பையை எடுத்தாள். அப்பா சுவரில் சாய்ந்து விழித்தபடி இருந்தார். முந்தின ராத்திரிச் சோறு தட்டில் அப்படியே காய்ந்திருந்தது.

"போயிட்டு வா" என்றார், அவளைப் பார்க்காமல்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ரோட்டில் பஸ் நின்று, கிளம்பிப் போனது.

எட்டு மணிக்கு ஜாபேஸ் சார் கூப்பிட்டார். போனுக்குள் அலைச் சத்தமும் பறவைகளின் கத்தலும் கேட்டன.

"எங்கம்மா இருக்கீங்க? எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

காய்ச்சல் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

"வர முடியலைங்க சார். எங்க சித்தப்பா செத்துட்டாருங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.