முனியப்பனுக்கு வைத்த டம்ளர்

மாரண்டஹள்ளியில் தக்காளி டெம்போ ஓட்டும் ராஜாமணியைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நான் கொஞ்சம் அதிகமாகவே செய்திருக்கிறேன்.

காரணம், அவன் குடிக்கிற அழகு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். வண்டி எடுக்கிற நாளில் வாசனைகூடப் பார்க்க மாட்டான். மற்றவர்கள் ஊற்றி, கலந்து, ஒரே மடக்கில் முடித்துவிட்டு ஊறுகாயைத் தேடும்போது, இவன் மூடியை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான்.

"இதுல வெறும் சாயமும் எசன்ஸுந்தான்டா இருக்குது. நெசமான விஸ்கிய ஒரு நாளாச்சும் குடிச்சுப் பாத்துரணும்" என்பான். குவார்ட்டர் பாட்டிலுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த ஆசை பொய்யில்லை. ஓசூர் மார்க்கெட்டுக்குப் போய்வரும் வழியெல்லாம் செல்போனில் ஸ்காட்லாந்து ஆலைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவன் அவன்.

அப்படிப்பட்டவனின் மகள் காவியாவுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்ததே ஸ்காட்லாந்தில்தான். அவள் கிளம்பிய அன்று, ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் இருக்கும் முனியப்பன் கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் முனியப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துப் படைப்பது வழக்கம். எல்லாரும் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். இவனுக்குத்தான் வாய் நீளமாயிற்றே. அழுதுகொண்டே கத்தினான்: "எம்பொண்ணு நல்லபடியா திரும்பி வரட்டும். எங்கைக்கு எது ஒசத்தியான பாட்டிலா வருதோ, அத மூடி தொறக்காம உனக்குக் கொண்டாந்து வெக்கறேன்!" யாராவது பட்டாளத்துக்காரரிடம் ஒரு மிலிட்டரி ரம் வாங்கிவிடலாம் என்று நினைத்திருப்பான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, படிப்பு முடிந்து அங்கேயே வேலையும் கிடைத்து, ஒரு மாத லீவில் காவியா வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்ததும் துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அப்பன் கையில் கொடுத்தாள். உள்ளே இருந்தது செம்பு நிறத்தில் மின்னியது. ராஜாமணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஸ்பெயின்ல ஷெர்ரின்னு ஒரு ஒயினுங்கப்பா, திராட்சையில செய்யறது. அந்த ஒயின் இருந்த மரப்பீப்பாய்ல இந்த விஸ்கிய ஊத்தி பன்னெண்டு வருசம் மூடி வெச்சிருக்காங்க" என்றாள்.

"பன்னெண்டு வருசமா? அப்ப நீ ஏழாவது! டெம்போவுல எம்பக்கத்துல உக்காந்து பள்ளிக்கூடம் வருவியே, அப்ப ஊத்துனதா இது?" அவன் பாட்டிலைத் தடவிப் பார்த்தான். "நீ குடிச்சுப் பாத்தியா?"

"இல்லீங்கப்பா. உங்ககூட சேந்து பாக்கலாம்னு இருந்துட்டேன்."

அவன் மூடியில் கைவைத்தான். சமையலறையிலிருந்து மனைவி கோகிலவாணியின் குரல் வந்தது. "தொடாதீங்க. முனியப்பங்கிட்ட என்ன சொன்னீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு முறை படைத்துவிட்டால் அது திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. வந்திருக்கிற கூட்டம் அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும். அதுதான் முறை.

"கடையில ஒண்ணு வாங்கி வெச்சா முனியப்பனுக்குத் தெரியவா போவுது?" என்றேன் நான்.

ஒரு நிமிடம் யோசித்தான். யோசித்தான் என்பதற்கு நானே சாட்சி. பிறகு தலையை ஆட்டினான். "பொண்ணு முழுசா வந்து நிக்கறாடா. முனியப்பன் அவன் வாக்கக் காப்பாத்திட்டான், நான் தவறலாமா?"

ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் நாற்பது பேர் புளியமரத்தடியில் கூடினார்கள். கிடா வெட்டியாயிற்று. பூசாரி மாது பாட்டிலைக் கையில் வாங்கித் திருகினார். அது தக்கை போட்ட பாட்டில். திருகினால் எங்கே வரும்? இழுத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கூட்டமே ஹோவென்று கத்தியது. பூசாரி ஒரு பித்தளை டம்ளரில் தாராளமாக ஊற்றி முனியப்பன் காலடியில் வைத்தார். பக்கத்தில் சுருட்டைப் பற்றவைத்தார். மிச்ச பாட்டிலைக் கூட்டத்திடம் கொடுத்தார்.

கோகிலவாணியின் தம்பி மாதவராஜ் நல்லவன்தான், ஆனால் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டே தீருவான். "நாப்பது பேருக்கு இது பத்தாது மாமா, நான் பாத்துக்கறேன்" என்றவன், பாட்டிலை அப்படியே ஒரு எவர்சில்வர் குண்டானில் கவிழ்த்தான். அதன் தலையில் மூன்று பெரிய பாட்டில் எலுமிச்சை கலர் சோடாவை ஊற்றினான். நுரை பொங்கியது.

"டேய்! டேய் மாப்ள!" என்று ராஜாமணி ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் மாதவராஜ் கரண்டியால் கலக்கியும் முடித்திருந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்கும் ஒரு பேப்பர் கப்பில் வந்தது. இனிப்பாக, குளுகுளுவென்று, சளி மருந்து மாதிரி இருந்தது. ராஜாமணி தன் கப்பை வாங்கவே இல்லை. புளியமரத்து வேரில் போய் உட்கார்ந்துவிட்டான். காவியாவும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மாதவராஜை நாலு அறை விடலாமா என்று எனக்குத் தோன்றியது.

பூஜை முடிந்தது. தீபாராதனை காட்டிய மாது பூசாரி, சாமி காலடியில் இருந்த டம்ளரை எடுத்தார். "வேண்டுதல் யாருது? வாப்பா ராஜாமணி. சாமி குடிச்ச மிச்சம் உனக்குத்தான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இந்தப் பூசாரி கொடுத்தார்! ராஜாமணி எழுந்த வேகத்தில் வேட்டி வேரில் மாட்டிக் கிழிந்தது. முனியப்பன் டம்ளரில் யார் கலர் ஊற்றுவார்கள்? பீப்பாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தது.

டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான். நாற்பது பேரும் அவனையே பார்த்தோம்.

"கோகிலா! பாயசத்துக்கு நெய்யில திராட்ச வறுப்பியே, அது வருது! இரு இரு... வெல்லம் காய்ச்சற கொப்பர வாசம்! அய்யோ, கமலா ஆரஞ்சுத் தோலு!" ஒரு வாய் எடுத்தான். உடனே விழுங்கவில்லை. நாக்கில் உருட்டினான். விழுங்கினான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு கத்தினான்: "எறங்கியாச்சு, ஆனா போவ மாட்டேங்குதுடா! இன்னும் நாக்குலயே நிக்குதுடா!"

எனக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் மூடியை மோந்து மோந்து அவன் தேடியது இதைத்தான்.

அடுத்த வாய்க்கு டம்ளரைத் தூக்கியவன் நிறுத்தினான். திரும்பி, அத்தனை பெரியவர்களுக்கு முன்னால், மகளிடம் நீட்டினான்.

"பொட்டப் புள்ளைக்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி பிரசாதம். வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றான் ராஜாமணி. பூசாரி மாது, "ஆமா, சொல்லக்கூடாது" என்றார். அதற்குமேல் யார் வாய் திறப்பது?

காவியா ஒரு வாய் குடித்தாள். இருமினாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "திராட்சதாங்கப்பா!"

அதுவரை குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் கோகிலவாணி கையை நீட்டினாள். "எனக்கு மட்டும் பிரசாதம் இல்லீங்களா?" வாங்கி, அண்ணாந்து, இருந்ததை ஒரு சொட்டு விடாமல் ஊற்றிக்கொண்டாள். முகத்தை அஷ்டகோணலாக்கிவிட்டு, "இதுக்கா இத்தன வருசம்?" என்றாள். புளியமரமே அதிர்கிற மாதிரி சிரித்தோம்.

ராஜாமணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்தான். காலி டம்ளரை மோந்து பார்த்துவிட்டு முனியப்பன் முன்னால் போய் நின்றான். "அடுத்த வருசமும் இவ இதே மாதிரி நல்லபடியா வரட்டும். இதே பாட்டில மூடி தொறக்காம வெக்கறேன்!"

காவியா அவன் சட்டையை இழுத்தாள். "அப்பா, ரெண்டு பாட்டில்னு சொல்லுங்க. ஒண்ணு நம்ம வூட்டுக்கு."

"சும்மா இரு கண்ணு. டம்ளரு பத்துச்சில்ல, மூணு பேருக்கும்?" என்றான் ராஜாமணி.