சாமியாத்தாளும் சீமைப் பன்றியும்

கணபதி என்ற ஊரில் சாமியாத்தாளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நேராக யாரும் சொல்லமாட்டார்கள். அவள் குடத்தோடு நகர்ந்த பிறகுதான் சொல்வார்கள். மில் லைன் வீட்டில் இருந்தபோது, பக்கத்தில் போட்டிருந்த கைக்குழந்தை மேல் தூக்கத்தில் புரண்டு படுத்துவிட்டாளாம். விடிந்தபோது குழந்தை விறைத்துக் கிடந்தது நிசம். புரண்டாளா, காய்ச்சலா, யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அதுதான் அவளைத் தின்றது. தெரியாத சங்கதி என்றால் ஊர் வாய் சும்மா இருந்துவிடுமா என்ன?

புருஷன் பாலுசாமி அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மில்லில் வேலை போனதும், அறுபத்திரண்டாம் வருஷ வாக்கில், சீமைப் பன்றி வளர்க்க இறங்கினான். பன்னிக்காரன் என்று நாலு பேர் மூக்கைப் பொத்திவிடக்கூடாதே என்று கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டான். ஒரு துரும்பு கிடக்க விடாமல் தினமும் கழுவினான். அவன் வீடுகூட அத்தனை சுத்தமாக இருந்ததில்லை.

தாய்ப் பன்றி ஈன்றது. குட்டிகள் ஒவ்வொன்றாக அதன் அடியில் நசுங்கிச் செத்தன. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அடுத்த ஈற்றிலும் அதே கதை. சோறு வடிக்கும்போதும் அந்தச் சத்தம் சாமியாத்தாளின் காதில் கேட்டது. கேட்டதும் கை மார்புக்குப் போகும்.

"பெத்ததையே அமுக்கிக் கொல்ற சனியன். மறுக்காவும் கொன்னா கறிக்காரனுக்குத்தான்" என்றான் பாலுசாமி.

சாமியாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். "அது வேணும்னேவா செய்யுதுங்க? வித்துப்போடாதீங்க. எதனாலன்னு நான் பாக்கறனுங்க."

கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட நாட்டுப் பன்றி ஒன்று ஊருக்குள் திரிந்தது. சாமிப் பன்றியைக் கட்டவோ அடைக்கவோ யாரும் துணியமாட்டார்கள். சினையாக இருந்த அதன் பின்னாலேயே சாமியாத்தாள் சுற்றினாள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பன்றி சோளத்தட்டைக் கவ்விக்கொண்டு போய், வேலியோரம் குழி பறித்து மெத்தை போட்டது. ஈன்ற பிறகு குட்டிகளை மூக்கால் ஒதுக்கிவிட்டு, முன்காலை மடக்கி மெல்லச் சாய்ந்தது. ஒரு குட்டியும் சாகவில்லை. தங்கள் பன்றி வழவழத்த சிமெண்டில் கால் வழுக்கித் தொப்பென்று விழுவது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொட்டகையை அகலப்படுத்த வைத்தாள். சோளத்தட்டு அள்ளிப் போட்டாள். சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தென்னங்கட்டை பதிக்கச் சொன்னாள். தாய் சாய்ந்தாலும் குட்டிகள் கட்டைக்குப் பின்னால் நுழைந்துகொள்ளும்.

அதற்கடுத்த ஈற்றில் எல்லாக் குட்டிகளும் பிழைத்தன. அவை முட்டி மோதிப் பால் குடிப்பதைப் பார்த்து அவளுக்கும் உயிர் வந்தது. தாய் மேல் தப்பில்லை. ஊரையே கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.

பாலுசாமி பூரித்துப்போனான். "பாத்தியா அம்மணி! கொஞ்சம் எடமும் ஒரு கட்டையும் இருந்திருந்தா, முன்னாடி செத்ததும் பொழச்சிருக்குமில்ல?"

அவன் பன்றிக்குட்டிகளைத்தான் சொன்னான். அவளோ மறுபடி அந்த மில் லைன் வீட்டுக் குறுகலான கட்டிலில், தனக்கும் சுவருக்கும் நடுவே குழந்தையைப் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

"பொழச்சிருக்குமுங்க" என்றாள்.